ஜமுக்காளத்தின் மறுமுனை

ஜனவரி 1, புதன்

தீவன கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் பண்ணைக்கு டைரி கொடுப்பார்கள். முதலாளி ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்குத் தள்ளிவிடுவார். அட்டையில் ஒரு வெள்ளைக் கோழி, "நீயா எழுதப் போகிறாய்?" என்று கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்து நிற்கிறது. கோழியின் சந்தேகம் நியாயமானது. போன வருடம் பொங்கலோடு நிறுத்திவிட்டேன்.

"இந்த வருசமாச்சும் மாட்டுப் பொங்கலைத் தாண்டுவீங்களாப்பா?" என்றாள் கனிஷ்கா. ஏழாவது படிக்கிறாள். பள்ளி எறிபந்து அணியில் இருக்கிறாள். பந்தைவிட வாயால் இன்னும் வேகமாக எறிவாள்.

முதல் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுத வேண்டுமாம். பெயர் வையாபுரி. பத்தாவது தேறியவன், கணக்கில் மட்டும் இரண்டாம் தடவை. நாமக்கல்லில் முட்டை வண்டி ஓட்டுகிறேன். மனைவி மேகலா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். எனக்கென்று இருக்கிற ஒரே பட்டம், நான் பிறக்கும்போது கால் முன்னால் வந்தது. அப்படிப் பிறந்தவன் காலால் நீவிவிட்டால் சுளுக்குப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. படித்து வராத மரியாதை பிறந்ததில் வந்துவிட்டது.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் பல்கூட விளக்கவில்லை, எதிர்வீட்டுக் கந்தாயி அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். குடத்தைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டதாம். வாசலில் சாக்கு விரித்துக் குப்புறப் படுக்க வைத்து, வலது காலால் மெதுவாக நீவிவிட்டேன்.

"போயிருச்சு சாமி! அப்பிடியே எறங்கிருச்சு பாரு!"

"எங்கக்கா எறங்குச்சு?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? உன்ற காலுக்குத்தான் தெரியும்."

ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனார். கனி ஜன்னலுக்குள்ளிருந்து, "டாக்டர் கால் அவர்களே, அடுத்த பேசண்டு எப்ப?" என்றாள்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். கனி கால்வாசிச் சுவர் அடித்துவிட்டுச் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தாள். மேல்கை வலிக்கிறதாம். வேலை என்றால் எனக்கும் உடம்பில் பல இடங்களில் வலிக்கும், அந்த ரத்தம்தானே என்று விட்டுவிட்டேன். மீதியை நானே அடித்தேன். சுவரைவிட என் மேல் அதிகம் விழுந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினப் போட்டியில் கனியின் அணி தோற்றுவிட்டது. திரும்பி வந்தவள் மறுபடியும் மேல்கை வலி என்றாள். தோளுக்குக் கொஞ்சம் கீழே. தொட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை, சிவப்பில்லை. இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், ஒன்று போலத்தான் இருந்தன.

"இது எறிபந்து சுளுக்கு" என்று கண்டுபிடித்தேன். விளக்கெண்ணெயைச் சுட வைத்துத் தடவி, பாயில் படுக்க வைத்து, காலால் தோளிலிருந்து முழங்கை வரை நீவினேன். கூச்சத்தில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சுப்பா, விடுங்க! உங்க கால்ல முட்டை நாத்தம்!"

மேகலா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டினா என்னங்க?" என்றாள். வீட்டிலேயே ஒரு வைத்தியர் இருக்கும்போது வெளியே எதற்கு என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

டைரியை மறந்துவிட்டேன். எழுத ஒன்றுமில்லை. கனி புத்தகப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போகிறாள். இப்போது அதுதான் ஸ்டைல் போலிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கனிக்கு வலது கை ஒடிந்துவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மேகலாவின் தம்பி குடும்பம் வருவதாகச் சொல்லியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பெரிய ஜமுக்காளத்தைத் துவைத்தோம். நனைந்த ஜமுக்காளத்தை ஒரு ஆள் பிழிய முடியாது. நான் ஒரு முனை, கனி ஒரு முனை. அவள் ஒரு பக்கம் முறுக்குவாள், நான் எதிர்ப்பக்கம் முறுக்குவேன். முதலில் யார் கை விடுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். அவளுக்கு ஐந்து வயதிலிருந்து இந்த விளையாட்டு உண்டு. பெரும்பாலும் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

"விடுங்கப்பா, தோத்துருவீங்க" என்றாள்.

"யாரு? நானா?" என்றேன்.

ஒரு சத்தம் வந்தது. ஜமுக்காளம்தான் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். "போச்சு, உங்கம்மா என்னைய வெட்டிப் போடப் போறா" என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் கனி நிற்கிறாள். அழவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கை என்று தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலும்பு டாக்டர் தணிகைவேல் முதலில் கேட்டது, "எங்கிருந்து விழுந்தா?"

"விழுகலீங்க."

"யாராவது அடிச்சாங்களா?"

"இல்லீங்க. துணி பிழிஞ்சோம்."

அவர் எங்கள் இருவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு கனியிடம் தனியாகப் பேசினார். எதற்கென்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. மேகலாவுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. அவள் நர்ஸைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எக்ஸ்ரே வந்தது. வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மற்ற இடமெல்லாம் எலும்பு வெள்ளையாக இருந்தது. தோளுக்குக் கீழே மட்டும் ஒரு பெரிய கறுப்பு. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிசாக எலும்பு. அந்தக் கோடுதான் உடைந்திருந்தது.

"எலும்புக்குள்ள நீர்க்கட்டி. அந்த இடத்துல எலும்பு முட்டை ஓடு கனம்தான் இருக்கு" என்றார்.

"சார், நான் முட்டை வண்டி ஓட்டறவன். வேற ஏதாச்சும் சொல்லுங்க சார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

டாக்டர் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். கை நீளமாக வளர்கிற இடம் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். வளர்கிற பிள்ளைகள் சிலருக்கு அந்த இடத்தில் எலும்புக்குள் குழி விழுந்து தண்ணீர் சேருமாம். ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. வலிக்காது. தண்ணீர் சேரச் சேர எலும்பு உள்பக்கமிருந்து மெலிந்துகொண்டே போகும். வெளியே கை கையாகத்தான் இருக்கும். பலருக்கும் அது ஒடிகிற அன்றுதான் தெரியவரும்.

"எத்தனை நாளா சார் இருந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா இருக்கலாம். நாலு வருசமாவும் இருக்கலாம்."

"சத்துக் குறைவுங்களா? பால் குடிப்பா, முட்டை மட்டும் தொடமாட்டா."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

எனக்கு அது வருத்தமாகக்கூட இருந்தது. முட்டை தின்றால் சரியாகும் என்று சொல்லியிருந்தால், எப்படியாவது தின்ன வைத்திருப்பேன்.

கடைசியில், "இதுக்கு முன்னாடி அந்தக் கையில வலி இருந்ததா?" என்று கேட்டார். மேகலா என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க சார்" என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சேலத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், இருந்தாலும் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அந்த 'வேறு எதுவும்' என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அது எங்களோடு உட்கார்ந்து வந்தது.

ஸ்கேன் மெஷின் கடகடவென்று சத்தம் போடுகிறது. கனி வெளியே வந்து, "நம்ம வண்டி எஞ்சினேதாம்பா" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரிசல்ட் வரவில்லை. துணிகளை நானே துவைத்தேன். பிழியாமல் அப்படியே கொடியில் போட்டேன். வெயில் அடிக்கிறது, தானே காயும். எதற்குப் பிழிய வேண்டும்?

பிப்ரவரி 18, செவ்வாய்

தண்ணீர்தான்! கெட்டது எதுவும் இல்லை. எலும்பு உடைந்தபோது ஒரு சில்லு பெயர்ந்து குழியின் அடியில் போய் விழுந்திருக்கிறது. சதையாக இருந்தால் அப்படி விழாதாம், தண்ணீராக இருந்தால்தான் விழுமாம்.

"கிணத்துல ஓட்டாஞ்சில்லு போட்டாப்புலயா டாக்டர்?" என்றாள் கனி.

"அதேதான்" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒடிந்த நாளிலிருந்து கண் கலங்காத மேகலா, தண்ணீர் என்று கேட்டதும் அழுதுவிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, என் பிள்ளையின் எலும்பிலிருந்து ஒரு சில்லு உடைந்து விழுந்ததற்காகச் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போதைக்குக் கட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒடிந்தது கூடட்டும், சில பேருக்கு ஒடிந்த பிறகு குழி தானே மூடிக்கொள்ளும், எதற்கும் பார்ப்போம் என்றார். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விருந்துக்கு வர இருந்தவர்கள் விசாரிக்க வந்தார்கள். மேகலாவின் தம்பி சுதாகருக்கு வந்ததிலிருந்து ஒரே பேச்சு.

"மாமா, எலும்பு ஒடிஞ்சதுக்கு எவனாச்சும் இங்கிலீசு வைத்தியம் பாப்பானா? எங்க ஊருல ஒருத்தர் பச்சிலை வெச்சு மூங்கில் கட்டுப் போடறாரு. மூணே கட்டு, பிள்ளை எந்திரிச்சு ஓடும்."

"கால் ஒடியல மாப்ள. கை."

"ஓடற வேகத்துல கையும் சரியாயிரும் மாமா."

சிரித்தேன். ஆனால் அவன் போன பிறகு அந்தக் கட்டுக்காரருடைய போன் நம்பரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவரிடம் போனால் பச்சிலை பறிக்கச் சொல்வார், அரைக்கச் சொல்வார், பத்தியம் இருக்கச் சொல்வார். எனக்கும் ஒரு வேலை இருக்கும்.

மேகலா போனை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டாள். "பேசாம இருங்க" என்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

கந்தாயி அக்கா கழுத்துச் சுளுக்கோடு வந்தார். என் காலில் ஆணி இருக்கிறது, நீவ முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"இடது கால்ல நீவு சாமி."

"அதுலயும் ஆணிதாங்கக்கா."

கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் போனார்.

மார்ச் 8, சனி

போனில் இருக்கிற பழைய ஃபோட்டோக்களைப் பார்த்தேன். மூன்றாவது படிக்கும்போது மாறுவேடப் போட்டியில் வீரமங்கை வேடத்தில் அட்டைக் கத்தி தூக்கி நிற்கிறாள். ஒகேனக்கல்லில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறாள். போன வருடம் எறிபந்துக் கோப்பையை வலது கையால் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். எல்லாவற்றிலும் அந்தக் கையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கோப்பையைத் தூக்கும்போது உள்ளே அந்தக் குழி இருந்திருக்கிறது. அவளும் சிரிக்கிறாள். பக்கத்தில் நானும் சிரிக்கிறேன்.

ஒரு அட்டையில் முப்பது முட்டை. எடுத்து வைக்கிற வேகத்தில் விரிசல் விட்டதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவேன். பண்ணையில் அதற்காக என்னைப் பாராட்டுவார்கள். சரி, அதை எதற்கு இங்கே எழுதுகிறேன்?

மார்ச் 27, வியாழன்

ஒடிவு கூடிவிட்டது. குழி அப்படியே இருக்கிறது.

கட்டைப் பிரித்ததும் கை சூம்பிப் போய் வெளுத்து இருந்தது. கனி அதை மோந்து பார்த்து, "இப்ப இது முட்டை நாத்தத்தைவிட மோசம்" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். சிரித்து வைத்தேன்.

டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேகலா திடீரென்று, "சார், ஜனவரியிலயே வலிக்குதுன்னு சொன்னா சார். இவரு சுளுக்குன்னு எண்ணெய் போட்டுக் கால்ல நீவிவிட்டாரு" என்று சொல்லிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"கால்லயா?" என்றார் டாக்டர்.

"கால் முன்னால வந்து பொறந்தவருங்க சார்" என்று மேகலாவே விளக்கினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ள லேசா விரிசல் விட்டு அப்ப வலிச்சிருக்கலாம். நீவுனதால கட்டி வரல, பெருசாகவும் இல்ல. அப்பவே ஒரு படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும், உண்மைதான். ஆனா வீக்கம் இல்ல, கை நல்லா அசையுது. எறிபந்து ஆடற பிள்ளை. எங்கிட்ட வந்திருந்தாலும் முதல்ல ஒரு களிம்பு எழுதிக் குடுத்துத்தான் அனுப்பியிருப்பேன்."

"அன்னிக்கு ஜமுக்காளம் பிழியாம இருந்திருந்தா சார்?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் பந்து எறியும்போது ஒடிஞ்சிருக்கும். இல்லேன்னா சட்டை மாத்தும்போது."

நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் அதை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்தேன். அன்று பிழியாமல் இருந்தாலும் ஒடியும். காலால் நீவாமல் இருந்தாலும் ஒடியும். நான் நல்ல அப்பனாக இருந்தாலும் ஒடியும். 'எல்லாம் உன்னால்தான்யா' என்று ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏப்ரல் 24, வியாழன்

இன்று ஊசி. குழிக்குள் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிட்டு உள்ளே மருந்து ஏற்றுவார்கள். மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

உள்ளே போகும்முன் கனி கம்மலையும் கொலுசையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். "தொலைச்சிராதீங்கப்பா. எனக்கு ஊசியோட போச்சு, உங்களுக்கு அம்மா ஆப்பரேசனே பண்ணிருவாங்க."

கதவு மூடிக்கொண்டது. கொலுசைச் சட்டைப் பையில் போட்டால் சத்தம் போட்டது. கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எதிரே இன்னொரு அப்பா தன் மகனுடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது, "தண்ணி என்ன கலர்ப்பா?"

டாக்டரைக் கேட்டுச் சொன்னேன். லேசான மஞ்சளாம். வெள்ளைக்கருவா மஞ்சள்கருவா என்று கேட்டுவிட்டுத் தூங்கிப் போனாள்.

ஜூன் 9, திங்கள்

எட்டாம் வகுப்பு. எறிபந்து கூடாது, தொங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. பி.டி. டீச்சர் அவளுக்கு விசிலைக் கொடுத்து பாயிண்ட் எண்ணச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வந்து, "எல்லாரும் என்ற விசிலுக்குப் பயப்படறாங்க" என்று பெருமையடித்தாள். பிறகு பந்தை எடுத்து இடது கையால் சுவரில் போட்டாள். அது சுவருக்குப் போகவே இல்லை.

நான் டீ குடிக்கப் போகிற மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

குழி கொஞ்சம் மங்கியிருக்கிறது. முழுதாக மூடவில்லை. இன்னொரு ஊசி தேவைப்படலாம், படாமலும் போகலாம். மறுபடி ஒடியலாம், ஒடியாமலும் இருக்கலாம். வளர்த்தி நிற்கிற வயதில் பொதுவாக அடங்கிவிடுமாம். எந்த வளர்ச்சிக்காக இத்தனை வருடம் சோறு ஊட்டினோமோ, அது எப்போது நிற்கும் என்று இப்போது காத்திருக்கிறோம்.

"அது வரைக்கும் சார்?"

"பார்ப்போம். பிள்ளையைப் பயமுறுத்தி மூலையில உட்கார வெச்சுடாதீங்க. சாதாரண வேலையெல்லாம் செய்யட்டும்."

எது சாதாரண வேலை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிப்ரவரியிலிருந்து பரண் மேல் சுருட்டிக் கிடந்த ஜமுக்காளத்தை மேகலா இழுத்துக் கீழே போட்டாள். அன்று பாதி பிழிந்ததோடு நான் எங்கே காயப்போட்டேன், எப்போது மேலே தூக்கிப் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. பூஞ்சை நாற்றம் அடித்தது.

"இதைத் தெருவுல வர்ற தட்டுக்காரக் கெழவன்கிட்டப் போட்டரலாம், பழைய துணிக்குத் தட்டுத் தர்றான்" என்றேன்.

"எங்கம்மா பவானியில வாங்கிக் குடுத்தது. தொவைங்க" என்றாள்.

துவைத்தேன். தண்ணீரோடு அப்படியே தூக்கிக் கொடியில் போடப் பார்த்தேன். கொடியே தாழ்ந்து தரையைத் தொட்டது.

"அப்பா." கனி வந்து நின்றாள். ஒரு முனையை இடது கையால் எடுத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் புடிங்க."

"வேண்டாஞ் சாமி. சொட்டிச் சொட்டிக் காயட்டும்."

"ஆறு மாசமா இந்த ஊட்டுல எல்லாத் துணியும் சொட்டிக்கிட்டேதான் இருக்குது. ஸ்கூல்ல என்ற யூனிபார்மை மோந்து பாத்துட்டு ஒருத்தி தள்ளி உக்காந்துட்டா."

"மறுக்காவும் நான் முறுக்கி, ஏதாச்சும்..."

"நீங்க முறுக்குனதால ஒடியலப்பா. டாக்டர் சொன்னாருல்ல?"

"நான் எப்பச் சொன்னேன் என்னாலன்னு?"

"நீங்க சொல்லல."

மேகலா மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்திருந்தாள். எதிர்வீட்டுத் திண்ணையில் கந்தாயி அக்காவும் இருந்தார். எங்கேயும் பார்க்க இடமில்லாமல் குனிந்து என் முனையை எடுத்தேன். எடுத்தேனே தவிர விரல்கள் மடங்கவில்லை. அவள் பொறுத்திருந்தாள். பிறகு ஒருவழியாக மடங்கின.

"வலது கையைச் சேக்காத" என்றேன்.

"சேக்கலை."

அவள் தன் முனையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, உடம்போடு மெல்லத் திரும்பித் திரும்பி முறுக்கினாள். ஒவ்வொரு சுற்றும் ஜமுக்காளம் வழியாக என் கைக்கு வந்து சேர்ந்தது. நான் எதிர்ப்பக்கம் முறுக்கவில்லை. நட்டு வைத்த கம்பம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். காது மட்டும் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம்தான்.

"தோத்துட்டீங்களாப்பா?"

"தோத்துட்டேன்."

"அப்பறம் ஏன் இன்னும் கைய விடாம நிக்கறீங்க?"

தண்ணீர் என் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. "இரு, இன்னுங் கொஞ்சம் சொட்டட்டும்" என்றேன்.